முதலில் திரை... பிறகு கணினி!

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு நல்ல மேஜை

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கூட்டம் போகும் பக்கமாகவே நடந்தால் ரிச்சி தெரு வந்துவிடும். ரேடியோ உதிரி பாகக் கடைகளில் தொடங்கிய இந்தச் சந்தை, இன்று நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பரந்து கிடக்கிறது. பழைய கணினி விற்கும் எந்தக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். “ஐ5 மெஷின் மேடம். எஸ்எஸ்டி போட்டிருக்கு, 8 ஜிபி ராம். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் ஏத்திக் கொடுத்துடுவோம். வீட்டுக்குப் போய் பிளக்கைச் சொருகினா வேலையை ஆரம்பிச்சிடலாம்.”

கேட்டுக்கொண்டு நிற்பவர் நான்கைந்து சிறு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதித் தருபவராக இருக்கலாம். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்யத் தொடங்கியவராக இருக்கலாம். மாலை நேரத்தில் ஆன்லைனில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியராக இருக்கலாம். கையில் இருப்பது 25,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 40,000. சேமிப்பை உடைத்து எடுத்த பணம், அல்லது நகையை வைத்துப் புரட்டிய பணம். அதில் வாங்கும் சாதனம் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சோறு போட வேண்டும்.

இப்படி வாங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ‘ஐ5’ என்ற பெயரை மட்டும் நம்பி, அது எந்தக் காலத்து ஐ5 என்று கேட்காமல் விடுவது ஒன்று. பணம் முழுவதையும் கணினியில் கொட்டிவிட்டு, திரையைப் பற்றி யோசிக்காமலே வீடு திரும்புவது இன்னொன்று. இரண்டாவது சறுக்கல்தான் பெரியது. நாளுக்கு எட்டு மணி நேரம் கண் பார்த்துக்கொண்டிருக்கப்போவது திரையைத்தான். கணினி ஐந்தாறு ஆண்டுகளில் மாறும். நல்ல திரை அடுத்த கணினிக்கும் கூடவே வரும். எனவே கடைக்காரர் சொல்லும் வரிசையைத் திருப்பிப் போட்டு, திரையிலிருந்தே தொடங்கலாம்.

15.6 அங்குலமும் 24 அங்குலமும்

மடிக்கணினித் திரை பெரும்பாலும் 15.6 அங்குலம். மேஜைத் திரையில் பரவலாக விற்பது 24 அங்குலம். துல்லியமாகச் சொன்னால் 23.8. எட்டு அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. பரப்பளவாகக் கணக்குப் போட்டால் 15.6 அங்குலத் திரை சுமார் 104 சதுர அங்குலம்; 23.8 அங்குலத் திரை சுமார் 242 சதுர அங்குலம். இரண்டேகால் மடங்குக்கும் மேல்.

இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை 1920×1080 என்று ஒன்றாகவே இருந்தால் அதில் என்ன லாபம்? சிறிய திரையில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும் என்பதால், விண்டோஸ் பெரும்பாலும் எல்லாவற்றையும் 125 சதவீதமாகப் பெருக்கிக் காட்டும். அப்போது வேலைக்குக் கிடைக்கும் இடம் 1536×864 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. 24 அங்குலத்தில் பெருக்கத் தேவையில்லை. அதே புள்ளிகளில் ஒன்றரை மடங்கு இடம்.

அந்த இடத்தின் அருமை வேலை செய்யும்போதுதான் தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட் ஒரு பாதியிலும் டேலி மறுபாதியிலும் திறந்திருந்தால், கண்ணால் பார்த்துக் கையால் தட்டலாம். ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, எண்ணை மனதில் ஏந்திக்கொண்டு போய்ப் பதியும்போதுதான் 5,680 என்பது 5,860 ஆகிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படித்தான்: மூலம் இடப்பக்கம், தமிழ் வலப்பக்கம் என்று இரண்டும் ஒரே பார்வையில் இருக்க வேண்டும்.

கழுத்துக்கும் இதில் பங்குண்டு. மடிக்கணினியில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குத் தோதாக வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்குத் தோதாகத் தூக்கி வைத்தால் தோள் இறுகுகிறது. தனித் திரை வந்துவிட்டால் இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழவோ, ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் நல்லது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணுக்குள் அடிக்கும்.

எந்தத் திரை?

அளவையும் புள்ளிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குல நீளத்தில் சுமார் 92 புள்ளிகள் அமையும். அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்து, எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியத் தொடங்கும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 புள்ளிகள் கொண்டதாக வாங்க வேண்டும்; அது விலை கூடியது. தமிழில் எழுதுபவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு புள்ளி மங்கினால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்; ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் நடுவே ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்ப்பு பார்க்கும் கண்ணுக்குத் தெளிவான எழுத்து பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பேனல். டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று வகை. டிஎன் மலிவு, ஆனால் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே நிறம் வெளிறும். விஏவில் கருப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க ஏற்றது. அலுவலக வேலைக்கு ஐபிஎஸ்: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறமும் எழுத்தும் மாறாது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் இது முக்கியம்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பவற்றில் பலவற்றைத் தாண்டிவிடலாம். டைனமிக் கான்ட்ராஸ்ட் பல லட்சத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கும். ஐபிஎஸ் பேனலின் உண்மையான கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1 அளவில்தான் இருக்கும், விஏ 3000:1 வரை போகும். ஒரு மில்லிசெகண்ட் ரெஸ்பான்ஸ் விளையாடுபவர்களுக்கானது. வளைந்த திரையால் எக்செல் தாளுக்கு ஒரு பயனும் இல்லை. 100 ஹெர்ட்ஸ் இன்று மலிவுத் திரைகளிலேயே வருகிறது; கிடைத்தால் நல்லது, 75 போதும். கேட்க வேண்டியவை இவை: வெளிச்சம் 250 நிட்ஸ், பளபளப்பில்லாத மேட் மேற்பரப்பு, எச்டிஎம்ஐ இணைப்பு, சுவரிலோ மேஜைத் தாங்கியிலோ மாட்டும் வெசா துளைகள், மூன்று ஆண்டு வாரன்டி. பெயர்பெற்ற பிராண்டுகளில் இப்படி ஒரு 24 அங்குலத் திரை ஏறக்குறைய 7,000 முதல் 10,000 ரூபாய்க்குள் அமைகிறது.

மலிவுத் திரைகளின் குறை ஸ்டாண்டில் இருக்கிறது. முன்னும் பின்னும் சாயும், உயராது. அடியில் கனமான இரண்டு புத்தகங்களோ ஒரு மரப்பலகையோ வைத்தால் தீர்ந்துவிடும். இந்த இடத்தில் பழைய அலுவலகத் திரைகளுக்குத் தனி மதிப்புண்டு. டெல் பி2419எச் போன்றவற்றின் ஸ்டாண்ட் உயரும், தாழும், திரையை நெடுக்காகவும் திருப்பும். ஆனால் பல ஆண்டுகள் ஓடிய திரையின் பின்விளக்கு மங்கியிருக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அருகில் ஒரு புதுத் திரையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

“வீட்டில்தான் 32 அங்குல டிவி இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. ‘எச்டி ரெடி’ என்று விற்கப்படும் 32 அங்குல டிவியில் இருப்பது பெரும்பாலும் 1366×768 புள்ளிகள். அங்குலத்துக்கு 49 புள்ளிகள்தான். நாலடி தள்ளி அமர்ந்து சினிமா பார்க்கலாம். இரண்டடி தொலைவில் அமர்ந்து எட்டு மணி நேரம் எழுத்தைப் படிக்க முடியாது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கொடுக்கவும் அவசியமில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி அதைப் பரிந்துரைப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. கண் காய்ந்து எரிவதற்கு அதுவே முக்கியக் காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தால் போதும்.

அக்டோபர் 14, 2025

இனி கணினி. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. அதற்குப் பின் வருவது விண்டோஸ் 11தான். ஆனால் விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஒருசில விலக்குகள் தவிர, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும்.

இதன் விளைவு பழைய கணினிச் சந்தையில் தெரிகிறது. அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் கழித்துக்கட்டப்பட்டு மலிவாக வந்து குவிகின்றன. அவற்றிலும் ‘ஐ5’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சில கடைகளில் சோதனையைத் தாண்டச் செய்து விண்டோஸ் 11-ஐ ஏற்றியும் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நெட் பேங்கிங்கும், ஜிஎஸ்டி தளமும், வாடிக்கையாளர்களின் கணக்கும் திறக்கும் கணினியை அந்த நிலையில் வைத்திருப்பது பூட்டில்லாத பீரோவில் பணம் வைப்பதற்குச் சமம்.

இதே சிக்கல் முன்பும் வந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதி விண்டோஸ் எக்ஸ்பி ஓய்வுபெற்றபோது, தமிழக அரசு தன் துறைகளை ‘பாஸ் லினக்ஸ்’ நிறுவச் சொன்னது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இலவச இயங்குதளம் அது. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடுகிறவர், ஏற்கெனவே கையில் உள்ள ஆறாம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவினால் பாதுகாப்போடு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். லிப்ரே ஆபீஸ் இலவசம்; தமிழ்99 தட்டச்சும் உண்டு. டேலியோ ஃபோட்டோஷாப்போ தொழிலுக்கு வேண்டும் என்றால் விண்டோஸ்தான். அப்போது எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கவே கூடாது.

எண்ணைப் படியுங்கள்

தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால் போதும். ஐ5-6500 ஆறாம் தலைமுறை. ஐ5-8500 எட்டாவது. ஐ5-10400 பத்தாவது. மடிக்கணினிகளில் ஐ5-1135ஜி7 பதினொன்றாவது, ஐ3-1215யு பன்னிரண்டாவது. கணினியில் ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று போனால் இந்தப் பெயர் முழுதாகத் தெரியும்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பது விண்டோஸ் 11 அனுமதி மட்டும் அன்று. மடிக்கணினியில் ஏழாம் தலைமுறை ஐ5-7200யு இரண்டு கோர் கொண்டது. அடுத்து வந்த ஐ5-8250யு நான்கு கோர். மேஜைக் கணினியில் ஐ5-7500 நான்கு கோர். ஐ5-8500 ஆறு கோர். எட்டாம் தலைமுறை ஐ3-8100-லேயே நான்கு கோர் இருக்கிறது. ‘ஐ3 ஆச்சே’ என்று அதை ஒதுக்கிவிட்டு ஏழாம் தலைமுறை ஐ5 வாங்குபவர், அதே பலத்தை, எதிர்காலம் இல்லாமல் வாங்குகிறார்.

புதிய கணினிகளிலும் பெயரை உற்றுப் பார்க்க வேண்டும். செலரான் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பகம் என்று ஒரு புது மடிக்கணினி ஆசைகாட்டும் விலையில் கிடைக்கும். இரண்டே கோர், விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போதே இடம் நிரம்பிவிடும். தொழிலுக்கு அது ஆகாது. ரைசன் 5 7520யு என்ற பெயரில் உள்ள 7 புதுமையாகத் தெரியும். உள்ளே இருப்பது 2019-ல் வந்த ‘ஜென் 2’ வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாம் இலக்கமே வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. மோசமான சில்லு என்று அதைச் சொல்ல முடியாது. புதுச் சில்லு என்று நினைத்து அதற்கான விலையைக் கொடுத்துவிடக் கூடாது. 2023-ல் வந்த இன்டெல் என்100 பெயரளவில் சாதாரணமானது. ஆனால் நான்கு கோரும் மிகக் குறைந்த மின்செலவும் கொண்டது. டேலி, எக்செல், பத்துப் பதினைந்து பிரவுசர் பக்கங்கள் என்ற அளவுக்குத் தாராளமாகப் போதும்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள கணினியை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். சுழலும் தட்டில் ஊசி ஓடிப்போய்த் தகவலைத் தேடும் வேலை எஸ்எஸ்டியில் இல்லை. பழைய கணினி வேகமெடுப்பதும், ஆன் செய்து காபி குடித்துவிட்டு வரும்வரை காத்திருந்த காலம் முடிவதும் எஸ்எஸ்டியால்தான். 256 ஜிபி போதும்.

ராம் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. ‘இப்போதைக்கு 4 ஜிபி, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய அறிவுரை இனி செல்லாது. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான தேவையால் அவற்றின் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்ப, 2025-ன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில், பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த ‘குருஷியல்’ வணிகத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. எனவே 8 ஜிபி உள்ளேயே இருக்கும் கணினியை வாங்குங்கள். சற்றுக் கூட்டிக் கொடுத்தால் 16 கிடைக்குமென்றால் அதையே எடுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் பின்னால் ஒரு ஜிபிகூடச் சேர்க்க முடியாது.

ஐடி அலுவலகத்திலிருந்து வீட்டு மேஜைக்கு

சென்னையில் பழைய கணினி வாங்குபவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் உள்ள ஐடி நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றுகின்றன. அப்படி வெளிவருபவை டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்ற அலுவலக வரிசை இயந்திரங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கென்று மலிவாகச் செய்தவற்றைவிட இவற்றின் உடலும் கீபோர்டும் உறுதி. திறந்து தூசி தட்டலாம். ராம், எஸ்எஸ்டி மாற்றலாம். உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும்.

மேஜையில் இடம் குறைவு என்றால் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி, திங்க்சென்டர் டைனி போன்ற குட்டிக் கணினிகளைப் பார்க்கலாம். மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர் அளவுதான். திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடலாம். எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்டது ஏறக்குறைய 12,000 முதல் 18,000 ரூபாய் வரை விற்கிறது. ஒரு கணினியை இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவது மின்னணுக் கழிவு மலையில் ஒரு கூடையைக் குறைப்பதும்கூட.

ஆனால் ‘செகண்ட் ஹேண்ட்’ வேறு, ‘ரீஃபர்பிஷ்டு’ வேறு. சோதித்து, பழுது நீக்கி, குறைந்தது ஆறு மாத வாரன்டியை பில்லில் எழுதிக் கொடுத்தால்தான் அது ‘ரீஃபர்பிஷ்டு’. வாய்வார்த்தையாகச் சொல்லும் வாரன்டி கடை வாசலோடு முடிந்துவிடும். கணினிக்கும் திரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்கினால், தொழிலுக்கு வாங்கிய பொருளின் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியும்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

1. பணம் கொடுப்பதற்கு முன், கணினியை முழுதாக ‘ரீசெட்’ செய்து, வைஃபையோடு இணைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் காட்டி அந்தக் கணக்கில் நுழையச் சொன்னால், அந்த இயந்திரம் இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது. வாங்க வேண்டாம்.

2. ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் விண்டோஸ் முறைப்படி இயங்குகிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினிகளில் உரிமம் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும்.

3. பயாஸில் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள்.

4. அடியில் உள்ள சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால், உண்மையான மாடலும் வாரன்டி எப்போது தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

5. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள்.

6. திரையில் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு நிறங்களைக் காட்டச் செய்யுங்கள். செத்த புள்ளி ஒன்று இருந்தாலும் கண்ணில் படும்.

7. எல்லா விசைகளையும், எல்லா யூஎஸ்பி துளைகளையும், கேமரா, மைக், வைஃபையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கரன்ட் கணக்கு

மடிக்கணினியா, மேஜைக் கணினியா என்பதைத் தமிழ்நாட்டில் மின்சாரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரன்ட் பிற்பகலில்தான் வரும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. மேஜைக் கணினிக்கு வெளித்துணை வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தையோ முன்பக்கத்தையோ பாருங்கள். பல மாடல்களில் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டுவைத்தால் கரன்ட் போகும் நொடியில் கணினி அணையாமல் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் சிறிய யுபிஎஸ் ஒன்றைப் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடலாம். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால், இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 400 மணி நேரம். சராசரியாக 100 வாட் இழுக்கும் பழைய பெரிய டவர் அதில் 40 யூனிட் எடுக்கும். 20 வாட் அளவில் ஓடும் குட்டிக் கணினி 8 யூனிட்தான் எடுக்கும். 24 அங்குல எல்இடி திரைக்கு இன்னொரு 8 யூனிட். தொடக்கத்தில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும் என்ற ஊரில், இந்த 32 யூனிட் வித்தியாசம் சில வீடுகளில் பில்லைப் புரட்டிப்போடும்.

யாருக்கு எது?

கணக்கு எழுதுபவருக்கு எட்டாம் தலைமுறைக் குட்டிக் கணினியும் 24 அங்குலப் புதுத் திரையும். விலை பார்த்து எடுத்தால் இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாய்க்குள் அடங்கும். கீபோர்டு, மவுஸுக்கும் மிச்சம் இருக்கும். எண்களுக்குத் தனிப் பகுதி உள்ள முழு அளவுக் கீபோர்டாக வாங்க வேண்டும். டேலியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும்.

மொழிபெயர்ப்பவர், எழுதுபவரிடம் விண்டோஸ் 11 ஓடும் மடிக்கணினி ஏற்கெனவே இருந்தால் புதுக் கணினியே வேண்டாம். திரை, கீபோர்டு, மவுஸ், ஓர் எச்டிஎம்ஐ கேபிள். 12,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு இது. 35,000 போட்டு இன்னொரு மடிக்கணினி வாங்குவதைவிட வேலையில் பெரிய மாற்றத்தைத் தரும். யூஎஸ்பி-சி துளை வழியாக இணைக்க நினைப்பவர்கள், அந்தத் துளை காட்சியை அனுப்புமா என்று மாடலின் விவரக் குறிப்பில் பார்த்துவிட வேண்டும். எல்லாத் துளைகளும் அனுப்பாது.

ஆன்லைன் ஆசிரியருக்கு மடிக்கணினியும் கூடவே ஒரு திரையும். ஒன்றில் மாணவர்களின் முகம், மற்றதில் பாடம். கேமராவுக்காகத் தனிச் செலவு வேண்டாம். ஆண்ட்ராய்டு போனையே வெப்கேமாகப் பயன்படுத்த விண்டோஸ் 11-ல் வழி இருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் உள்ள ஹெட்செட் வாங்கலாம். படம் மங்கினாலும் பாடம் நடக்கும். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் கவனம் போய்விடும்.

வாடகை வீட்டில், ஒரே அறையில், சாப்பாட்டு மேஜையையே அலுவலகமாக்கிக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் உழைப்புக்கு ஏற்ற கருவி கிடைக்கப் பெரும்பணம் தேவையில்லை. பணத்தைப் பிரிக்கும் முறைதான் மாற வேண்டும். கையில் இருப்பது எவ்வளவாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கை முதலில் திரைக்கு எடுத்துவைத்துவிடுங்கள். மீதியில் கணினி. கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: 24 அங்குலம், ஐபிஎஸ், 1920×1080, மூன்று ஆண்டு வாரன்டி, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, வாரன்டி எழுதிய ஜிஎஸ்டி பில். இந்த வரிசையிலேயே கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.